பனிக்காலத்தில் ஹாட் டப் மூடியின் கிளிப்

நேற்றுக் காலை ஹாட் டப்பை, அதாவது வீட்டுக்கு வெளியே இருக்கும் வெந்நீர்க் குளியல் தொட்டியைத் திறக்கப் போனால், மூடியைப் பூட்டும் ஒரு கிளிப் அசையவே இல்லை. அவசரத்தில் இழுத்தேன், பிளாஸ்டிக் நாக்கு படக்கென்று முறிந்துவிட்டது. மனசு கேட்கவில்லை, உள்ளே உற்றுப் பார்த்தேன். கடுகளவு பனிக்கட்டி, அவ்வளவுதான்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். இடுக்கில் ஒரு சொட்டு நின்றாலே கிளிப் இறுகிவிடும். குளிரில் பிளாஸ்டிக்கும் விறைத்து எளிதில் உடையும். அந்தச் சொட்டு மழை, பனியால் மட்டும் வருவதில்லை. மூடியின் ஓரத்தில் கசியும் நீராவி கிளிப்பில் பட்டுத் தண்ணீராகிறது. இதை நான் யோசித்ததே இல்லை.

அதனால் மூடும் முன் கிளிப்பின் இரண்டு பாதியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அப்புறம் கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே. பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் வேண்டாம். மூடியின் வினைல் கெட்டுவிடும்.

சரி, உறைந்தே போய்விட்டால்? கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியைக் கிளிப்பின் மேல் சில நிமிடம் சுற்றிப் பிடியுங்கள். இளகியதும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி உறையும்.

உறைந்துவிடுமே என்று கிளிப் போடாமல் மட்டும் விடாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது பெரிய ஆபத்து.