கிழப்பூனை காணவில்லை: ஸ்ரீரங்கத்துத் தெரு ஒன்றின் நாட்குறிப்பு

அக்டோபர் 31, 2024, வியாழன். தீபாவளி இரவு

எதிர்வீட்டு மாமியின் சுந்தரி காலைச் சரவெடிக்குக் கொல்லைப் பக்கம் ஓடியது. சாயங்காலச் சாப்பாட்டுக்கு வரவில்லை. வயது 16. சாம்பல் வரி, இடது முன்பாதம் வெள்ளை, வால் நுனி கோணல். காது மந்தம். பின்னங்கால் மூட்டு இறுகிப்போனதால் மதில் ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டது. சிறுநீரகத்துக்கு மருந்தும் தனிச் சாப்பாடும் உண்டு.

விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "வயசான பூனைடீம்மா, சாகறதுக்குன்னே வெளியில போயிடும்." முதலில் தெருவை விட்டு விரட்ட வேண்டியது இந்தப் பேச்சைத்தான். சாவதற்கென்று பூனை எங்கும் கிளம்புவதில்லை. உடம்பு முடியாமலோ பயந்தோ போனால் இருட்டான ஓர் இடுக்கில் போய் ஒடுங்கிக்கொள்ளும். பசித்தாலும் கத்தாது. யாரும் தேடாமல் விட்டால் அங்கேயே கிடந்து செத்துப்போகும். அப்புறம் "சொன்னேனோல்லியோ" என்பார்கள்.

கிழப்பூனை தூரம் போகாது. காணாமல் போன 1,210 பூனைகளை வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்திருக்கின்றன. மதில் ஏறமுடியாத பூனைக்கு அவ்வளவுகூட வேண்டாம், இந்தப் பக்கம் அஞ்சு வீடு, அந்தப் பக்கம் அஞ்சு வீடு போதும்.

சிறுநீரகம் பழுதான பூனைக்குத் தண்ணீர் உடம்பில் தங்காது, சிறுநீராகப் போய்க்கொண்டே இருக்கும். இளம்பூனை தாங்குகிற வறட்சியை இது தாங்காது. அதனால் இன்றிரவே கொல்லைச் சந்து நெடுக, நாலைந்து வீட்டுக்கு ஒன்றாகத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாயிற்று. சாப்பாடு இப்போதைக்கு மாமி வீட்டு வாசலிலும் கொல்லையிலும் மட்டும். எல்லா இடத்திலும் சோறு வைத்தால் தெருக் கடுவன்கள் கூடும், அதுகளுக்குப் பயந்து கிழம் வெளியே தலைகாட்டாது.

நவம்பர் 1, வெள்ளி

அரசு விடுமுறை, மிச்சப் பட்டாசு. பகலில் பயந்த பூனை அசையாது. தேடுகிற நேரம் தெரு அடங்கியபின், இரவு ஒன்றிலிருந்து நாலு வரை.

டார்ச்சை இடுப்பளவில் பிடித்து ஆட்டினால் பலன் இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டினாற்போல் பிடித்து மெதுவாகத் திருப்ப வேண்டும். பூனைக் கண்ணின் பின்புறப் படலம் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். நம் கண் அந்தத் திசையில் இருந்தால்தான் பச்சை மஞ்சளாக இரண்டு புள்ளி தெரியும். உட்கார்ந்து, தரையில் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்து பார்க்க வேண்டும். நின்றபடி பார்க்கிறவர் மேலே தெரிவதை மட்டும் பார்ப்பார். ஒடுங்கிய பூனை கீழேதான் இருக்கும்.

ஓட்டுக்கூரை மேல் பளிச்சென்று இரண்டு கண். தெருவே ஓடிவந்தது. மரநாய். பழைய வீட்டு மச்சுகளில் இது வாடகை தராத குடித்தனக்காரர். உடம்பு நீளம், வால் உடம்பளவு, மூஞ்சி கூர்.

பேர் சொல்லிக் கத்துவதால் இந்தப் பூனைக்கு ஒன்றும் ஆகாது, காது கேட்காது. மாமி கட்டிப் பழசான நூல் புடவையைத் துவைக்காமல் துண்டுகளாக்கி ஒன்று வாசல் திண்ணையில், ஒன்று கொல்லை நிலைப்படியில். பூனை மலஜலம் கழிக்கும் மண்தட்டை வெளியே வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்த வாசனைக்கு முதலில் வருவது அயல் கடுவன்.

நவம்பர் 2, சனி

பகல் வேலை: கிணறுகள். இந்த வரிசையில் பாதிக் கொல்லையில் கிணறு உண்டு, பாதிக் கிணற்றுக்கு மேல்வலை கிழிசல். ஆழக் கிணற்றுக்கு டார்ச் எட்டாது. உச்சிவெயில் நேரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப்போய் வெயிலை உள்ளே திருப்பினால் அடித்தண்ணீர்வரை பட்டப்பகல். மிதப்பது தேங்காய் மட்டையா வேறா என்று சந்தேகமே வராது. எல்லாக் கிணறும் பார்த்தாயிற்று, இல்லை. திறந்த கிணறு இரண்டில் துணி சுற்றிய மூங்கில் கூடையைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி வைத்திருக்கிறது. விழுந்தது எதுவானாலும் தொற்றிக்கொள்ளும்.

பிறகு மோட்டார் ரூம், திண்ணைக்கு அடியில் இருக்கும் பொந்து, உடைந்த செப்டிக் டேங்க் மூடி, பழைய மாட்டுக் கொட்டில், ஏசி வெளி யூனிட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சந்து, நிறுத்திய கார்களின் அடி, பானெட் உள். கார்க்காரர்களிடம் ஒரே வேண்டுகோள்: வண்டி எடுக்கும் முன் பானெட்டை நாலு தட்டு தட்டிவிட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

இந்தக் குறிப்பில் மற்றதெல்லாம் மறந்தாலும் இன்றையதை மறக்க வேண்டாம்.

இந்தத் தெருக்களில் பூட்டியே கிடக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், அமெரிக்கா. தீபாவளிக்கு வந்து திறப்பார்கள், நாலு நாள் இருப்பார்கள், ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பயந்த பூனை நுழைந்ததும் தெரியாது, உள்ளே வைத்துப் பூட்டியதும் தெரியாது. அடுத்துக் கதவு திறப்பது வைகுண்ட ஏகாதசிக்கு.

அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒவ்வொரு வீடாக. "பூனை வந்துதா?" என்று கேட்டால் "இல்லையே" என்று நின்ற இடத்திலிருந்தே பதில் வரும். பொய்யில்லை, பார்க்காத பதில், அவ்வளவுதான். "ரெண்டு நிமிஷம் உள்ள வந்து பரணையும் கட்டிலுக்கு அடியையும் நாங்களே பார்த்துக்கறோம் மாமா" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. பார்க்க வேண்டியவை: பரண், பத்தாயம், நெல் குதிர் இருந்த மூலை, பீரோவுக்குப் பின்புறம், ஊஞ்சல் பலகை சாத்திவைத்த சுவர், மச்சுப்படிக்கு அடி, வாஷிங் மெஷினுக்கு உள்ளேயும்.

ஏற்கெனவே பூட்டிய வீடுகளுக்குச் சாவி யாரிடம் என்று தெருவுக்கே தெரியும். சாவி கிடைக்காத வீட்டில் கொல்லைப்பக்கம் ஜலதாரைத் துவாரத்தில் காது வைத்துக் கேட்கலாம். கதவைத் தட்டினால் காது கேட்காத பூனைக்கும் அதிர்வு தெரியலாம். உள்ளே இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்காரருக்கு உடனே போன், அவர் சம்மதத்தோடு பூட்டுக்காரர். ஒரு வீட்டில் அதுவும் நடந்தது. உள்ளே எலி.

நவம்பர் 4, திங்கள்

விடிகாலை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் வரும் நேரத்தில் அவர்களிடம் கேட்டாயிற்று. செத்த விலங்கை முதலில் பார்ப்பது அவர்கள்தான். கேட்கப் பலருக்கு மனசு வராது, ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கும் ஞாபகம் இருக்காது. வெள்ளைப் பாதம், கோணல் வால் என்று அடையாளம் சொல்லி, "இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, ஒரு போன் பண்ணுங்க" என்று நம்பரும் கொடுத்தாயிற்று. அப்படி எதுவும் எடுக்கவில்லை என்றார்கள்.

போஸ்டர் ஏ4. முகத்தை மட்டும் காட்டும் போட்டோ உதவாது, பக்கவாட்டில் முழு உடம்பு தெரிய வேண்டும். "பூனை காணவில்லை" என்பது சைக்கிளில் போகிறவரும் வாசிக்கிற அளவில். ஒரே நம்பர். மழைக்காலம், பிளாஸ்டிக் உறையின் திறந்த வாய் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். ஒட்டிய இடங்கள்: பால் பூத், பூக்கடை, மருந்துக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு. கோயில் மதிலில் ஒட்டக் கூடாது. வால் நுனி கோணலைப் போஸ்டரில் போடவில்லை, காரணம் உண்டு.

நவம்பர் 7, வியாழன்

கொல்லைச் சாப்பாடு தினம் காலியாகிறது. தின்பது யார்? கிண்ணத்தைச் சுற்றி இரண்டடிக்குக் கோலமாவைச் சலித்துத் தூவினால் தெரிந்துவிடும். அரிசிமாவு கூடாது, எறும்பு வரும், நாய் நக்கும். கல்மாவுதான். மழை படாத தாழ்வாரம் வேண்டும். விளக்குமாற்றால் லேசாகச் சமன் செய்து ஒரு ராத்திரி விட வேண்டும்.

பூனைத்தடம் வட்டம், ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், நாலு விரல், நகம் பதியாது. நாய்க்கு நகம் பதியும். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். பெருச்சாளிக்குப் பின்கால் ஐந்து விரல், நடுவில் வால் இழுத்த கோடு. காலையில் பார்த்தது: பெரிய பூனைத்தடம் ஒன்று, அழுத்தமாக, நாலு காலும் சமமாக. மூட்டு வலிக்கிற பூனை பின்காலை இழுக்கும், மாவு கலைந்திருக்கும். இது எதிர்ச்சந்துக் கடுவன்.

இன்னொரு சிக்கல். நாள்பட்ட தேடலுக்குக் கருவாட்டைவிட நல்ல வாசனை இல்லை, ஆனால் இந்தத் தெருவில் கருவாடு சுட்டால் பூனைக்கு முன் சண்டை வரும். கடையில் விற்கும் டூனா பாக்கெட்டைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால் மணம் நாலு வீடு போகும், புகார் வராது.

நவம்பர் 9, சனி

எதிர்பார்த்த போன் வந்தது. "பூனை எங்கிட்டத்தான் இருக்கு, ஆட்டோ காசு 800 ஜிபே பண்ணுங்க." வால் எப்படி இருக்கும் என்று கேட்டதும் லைன் கட். இதற்காகத்தான் ஓர் அடையாளத்தை மறைத்துவைப்பது. பூனையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது.

நவம்பர் 14, வியாழன்

மழை. வடிகாலில் ஓட்டம் வந்துவிட்டதால் அங்கே தேடுவதை நிறுத்தியாயிற்று. இன்று, பூனை திரும்பினால் என்ன செய்வது என்பதற்கான குறிப்பு. கிடைத்தபின் இழக்கிற பூனைகள் உண்டு, அவசரமாக ஊட்டித்தான்.

பிடிக்க: தடித்த துவாலை. தலை தவிர முழு உடம்பையும் சுற்றித் தூக்க வேண்டும். சொந்தப் பூனையே ஆனாலும் பயத்தில் கடிக்கும். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரி, நாய்க்கடி ஊசி. "நம்ம வீட்டுப் பூனைதானே" என்று விடக் கூடாது, இத்தனை நாள் எதனோடு சண்டை போட்டதோ.

முதலில் வெப்பம். ஆசனவாய் வழி டிஜிட்டல் தெர்மாமீட்டர், நுனியில் எண்ணெய். 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் சரி. 99-க்குக் கீழே என்றால் சாப்பாடு வேண்டாம், துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், மருத்துவருக்குப் போன். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. வெப்பம் சரியாக இருந்தால் குழைத்த ஈரச் சாப்பாடு ஒரு டீஸ்பூன், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. பால் வேண்டாம், பேதியாகும்.

வறட்சி பார்க்கப் பிடரித் தோலை இழுத்துவிடுவது கிழப்பூனையிடம் பொய் சொல்லும், வயசிலேயே தோல் தளர்ந்திருக்கும். ஈறைத் தொட வேண்டும். வழவழப்பாக இருந்தால் பரவாயில்லை, விரல் ஒட்டினால் வறட்சி. ஈறு வெளுத்திருந்தால் எலிமருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம், அதற்கு மருத்துவர் வைட்டமின் கே1 கொடுப்பார். வாயில் மூத்திர நெடி அடித்தால் சிறுநீரகம். வெளிச்சத்திலும் கண்மணி சுருங்காமல் விரிந்தே இருந்தால் ரத்த அழுத்தம் ஏறிப் பார்வை போயிருக்கலாம். கிழப்பூனைகள் பழகின சந்திலேயே வழி தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறுகிறது. இங்கே மூட்டம்.

ஒரு மாதம். ராத்தேடல் இன்றோடு நிற்கிறது. நிறுத்துவதற்கும் தேதி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் நிறுத்தியதே ஒரு குற்றம்போல உறுத்திக்கொண்டிருக்கும். அந்த 2018 ஆய்வில், உயிரோடு கிடைத்த பூனைகளில் பெரும்பங்கு முதல் வாரத்திலேயே கிடைத்தவை. 90 நாளுக்கு அப்புறம் கிடைத்தவை மிகச் சொற்பம். அதனால் மாமியிடம் சொன்னது இப்படி: தை முடியும்வரை கொல்லையில் ஒரு கிண்ணம், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருதடவை எட்டிப் பார்ப்பது. மற்ற நேரம் கதவைத் தாழ்போட்டுத் தூங்குவது. மாமி கொல்லைக்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தே இருந்ததில் கால் வீங்கியிருக்கிறது, பிரஷர் மாத்திரையும் தவறியிருக்கிறது. பூனை தொலைந்த வீட்டில் யாராவது ஒருத்தர் மனுஷாளின் மருந்து டப்பாவைப் பார்க்க வேண்டும்.

"பெருமாள் அழைச்சுண்டுட்டார்" என்று சொல்கிறவர்களை அனுப்ப முடியாது, இந்த ஊரில் அது ஆறுதல்தான். ஆனால் முடிவு தெரியாதவரிடம் முடிவைச் சொன்னால் கோபம்தான் வரும், வந்தது. கேட்கலாம், "சுந்தரி என்ன சாப்பிடும்? எங்க படுத்துக்கும்?" என்று. அதற்கு மாமி அரைமணி நேரம் பேசுவார். பேரக்குழந்தைக்கு "ஊருக்குப் போயிருக்கு" என்ற கதை வேண்டாம். "காணும், தேடினோம், கிடைக்கல" போதும்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

10-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. பூட்டிய வீடுகள் திறந்தன, சொல்லிவைத்தபடி ஒவ்வொன்றிலும் பரண்வரை பார்த்தாயிற்று. ஒரு மச்சில் பழக்கொட்டையோடு மரநாய்ப் புழுக்கை. பூனை இருந்த அடையாளம் எங்கும் இல்லை. பூட்டிய வீட்டில் மாட்டிச் செத்திருக்குமோ என்ற எண்ணம்தான் மாமியை ராத்திரியில் எழுப்பியது. அது இல்லை என்றாவது தெரிந்தது.

மிச்சம்: பிரிக்காத சிறுநீரகச் சாப்பாட்டுப் பாக்கெட்டுகள் கால்நடை மருத்துவரிடம் போய்விட்டன, அவருக்கு வேறு கிழங்கள் உண்டு. வறட்சிக்கு ஊசியால் ஏற்றும் உப்புநீரான ரிங்கர் லாக்டேட்டின் உடைத்த பாட்டில் யாருக்கும் தரக்கூடாது, கொட்டியாயிற்று. ஊசிகள் மூடியுள்ள டப்பாவில், அவரிடமே. புதுக்குட்டி கொண்டுவருகிறேன் என்று மூன்று பேர் நிற்கிறார்கள். மாமி கேட்கும்வரை வேண்டாம், கேட்டாலும் குட்டி வேண்டாம், நாலைந்து வயசுப் பூனை. எழுபது தாண்டினவர் வீட்டில் குட்டி காலுக்குள் ஓடும்.

போஸ்டர்களைக் கிழித்தாயிற்று. நம்பர் மட்டும் பால் பூத்திலும், தூய்மைப் பணியாளர் ஒருவரிடமும், பூட்டிய வீடுகளின் சாவி வைத்திருக்கும் மாமாவிடமும் இருக்கிறது.