ஆடிக் காற்றுக்கு எதிரே: வெள்ளகோவிலிலிருந்து வால்பாறைக்கு

பல்லடம் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் திரும்பினால் காற்றாலைகள் தொடங்கிவிடும். ஆடி மாதத்தில் அவை எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும், பாலக்காட்டுப் பக்கம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த அந்தக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குக் காற்று கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. காற்று வரும் திசையைப் பார்த்துக் காற்றாலை திரும்பி நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது பார்க்கிற பக்கம் போகிற வண்டி காற்றை முட்டிக்கொண்டு போகிறது என்பது, மூன்று வருடம் அந்த ரோட்டில் போய்வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீடு வெள்ளகோவிலில். மனைவியின் ஊர் பொள்ளாச்சிக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. காங்கேயம், பல்லடம், நெகமம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. வண்டி பெட்ரோல் டிசையர் கார். வாங்கும்போது 165/80 ஆர் 14 டயர், அதாவது 165 மில்லிமீட்டர் அகலம், 14 இஞ்ச் சக்கரம். அப்புறம் நான் 15 இஞ்ச் அலாய் போட்டு 195/65 டயர் மாட்டினேன். மேலே ஒரு கேரியரும் ஏறியது. போகும்போது குழந்தைகளின் சாமான், வரும்போது இளநீர், தேங்காய் என்று கேரியர் காலியாக வந்ததே கிடையாது.

போன ஆடியில் கிளம்பும்போது பங்க்கில் டேங்க் ஃபுல் பண்ணினேன். பொள்ளாச்சி போய் மறுபடியும் ஃபுல். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 13.2 கிலோமீட்டர். இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது அதே வண்டி, அதே ஆட்கள், கேரியரில் கூடுதலாக ஒரு மூட்டை தேங்காய். அப்போது 18.4 கொடுத்தது. பங்க்கில் ஏமாற்றிவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தச் சந்தேகத்தை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. அளவு சரியாகத்தான் இருந்தது.

காரணத்தைச் சொன்னவர் மாமனார். கேரியரில் கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டே வந்திருந்தது. அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாப்ள, நா தேங்காயச் சைக்கிள்ல கட்டிட்டுப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவனுங்க. போறப்ப காத்தே தள்ளிட்டுப் போயிரும். வர்றப்ப வெறும் சைக்கிள்தான். ஆனா ஆடி மாசத்துல ஹேண்டில்பார் மேல கவுந்து படுத்துட்டு மிதிச்சாத்தான் ஊடு வந்து சேர முடியும். நீங்க என்னன்னா தலைமேல மூட்டையக் கட்டிட்டு நிமிந்து உக்காந்துட்டு வர்றீங்க.”

அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். காற்று வண்டியைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். இங்கே வேகம் என்றால் மீட்டர் காட்டும் வேகம் இல்லை, காற்றோடு ஒப்பிட்ட வேகம். நான் மணிக்கு 95 கிலோமீட்டரில் போகிறேன், எதிர்க்காற்று 30 என்று வைத்துக்கொண்டால் வண்டி 125-ல் காற்றைக் கிழிக்கிறது. திரும்பும்போது அதே 95-ல் காற்று முதுகில் தள்ளினால் வெறும் 65. இரண்டையும் வர்க்கம் எடுத்துப் பார்த்தால், வரும்போது உள்ள காற்றுத்தடை போகும்போது இருந்ததில் கால் பங்கை விடச் சற்றுத்தான் அதிகம். இன்னொன்றும் தெரிந்தது. போகும்போது 95-ஐ 75 ஆகக் குறைத்தால் மட்டுமே காற்றுத்தடையில் 30 சதவீதம் போய்விடுகிறது.

கேரியர் அந்தத் தடையின் மேல் இன்னொரு தடை. கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் மைலேஜ் 6 முதல் 17 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. மணிக்கு 105, 120 கிலோமீட்டர் வேகத்தில் அது 10 முதல் 25 வரை போகுமாம். அதே பெட்டியை வண்டியின் பின்னால் வைத்தால் 1 முதல் 5 சதவீதம்தான். எடை ஒன்றுதான், இடம்தான் வேறு.

அடுத்த பயணத்துக்குக் கேரியரைக் கழற்றினேன். அன்றைக்கு வண்டிக்குள் கேட்ட அமைதியைச் சொல்லியே ஆக வேண்டும். 70-ஐத் தாண்டினால் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அதுதான் வண்டியின் சத்தம் என்று நாங்கள் பழகியிருந்தோம். கேரியரோடு அதுவும் போய்விட்டது.

டயர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பெரிய டயர் போட்டதால் மைலேஜ் குறைந்தது உண்மை. அலாயும் டயரும் சேர்ந்து கனம் கூடிவிட்டது, அகலம் கூடியதால் உருளும் தடையும் கூடிவிட்டது. மூன்றாவது கியரில் முன்னே ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது கியர் தேவைப்பட்டது. ஆனால் குறைந்ததாகத் தெரிந்ததில் ஒரு பகுதி பொய். பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர், புதியது 634. சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. காங்கேயம் ரோட்டில் கிலோமீட்டர் கல்லை வைத்துப் பார்த்தேன். 20 கிலோமீட்டர் போனபோது மீட்டர் 19.5 காட்டியது. அப்படியென்றால் நான் போட்ட 13.2 உண்மையில் 13.5. டயர் மாற்றியவர்கள் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் மைலேஜ் பேசினால் இரண்டு பக்கமும் தப்பாகிவிடும். மீட்டர் குறைத்துக் காட்டுவதால், மீட்டரில் 80 என்று பார்க்கும்போது வண்டி பழைய டயரில் போனதைவிடச் சற்று வேகமாகவே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

காற்றழுத்தம் பார்த்தபோது பின் இடது டயரில் 24 பவுண்டுதான் இருந்தது. பஞ்சர் கடையில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பிடிப்பார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள், அதுவும் காலையில் டயர் சூடாவதற்கு முன்னால். நான்கு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால் 0.2 சதவீதம்தான் மைலேஜ் போகும். ஆனால் காற்று இறங்கிய டயர் ஓரம் தேய்ந்து சீக்கிரம் கெட்டுவிடும், வேகத்தில் ஆபத்தும் கூட.

மச்சான் முன்னால் கம்பி பம்பர் வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்றுவிட்டேன். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. மோதும்போது பம்பர் தானாக நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும், கம்பி அதைத் தடுக்கும். மைலேஜ் எல்லாம் அதற்கப்புறம்தான்.

கேரியர் இல்லாமல், காற்றுச் சரியாகப் பிடித்து, பழையபடி 95-ல் போனபோது திருத்திய கணக்கில் 15.1 வந்தது. அடுத்த முறை 75-ஐத் தாண்டவில்லை. லாரிக்குப் பின்னால் போய் ஒட்டிப் பிரேக் அடிப்பதை விட்டு, தூரத்திலேயே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். 17.6 வந்தது. பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தது 12 நிமிடம் தாமதம்.

அந்த முறைதான் எல்லோருமாக வால்பாறை போனோம். ஆழியாறில் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மிச்சம் பிடிக்க வழி எதுவும் கிடையாது. வளைவில் கிளட்சைப் பாதி அழுத்தியபடி ஹாஃப் கிளட்சில் தொங்காமல் சரியான கியரில் ஏறினால் கிளட்ச் பிளேட்டாவது பிழைக்கும்.

இறங்கும்போதுதான் கவனிக்க வேண்டும். இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தேன். டேஷ்போர்டில் மைலேஜ் காட்டும் எண் கடைசி வரைக்கும் ஏறி நின்றது. இன்றைய ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் போக வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குபவர்கள் அதைச் செலவழித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

வரையாடு பார்க்க ஒன்பதாவது வளைவில் நிறுத்தினோம். எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற காரிலிருந்து கருகிய வாடை. முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. ஓட்டி வந்த பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். “நியூட்ரலா தம்பி?” என்றேன். “ஆமாங்கண்ணா, மைலேஜ் கெடைக்கும்ன்னு சொன்னாங்க.” உள்ளே அவன் அம்மாவும் ஒரு கைக்குழந்தையும். அரை மணி நேரம் பிரேக் ஆறட்டும் என்று உட்கார வைத்தேன். பிறகு இரண்டாவது கியரில் எனக்கு முன்னால் இறங்கச் சொன்னேன். ஆழியாறு வரைக்கும் அவன் பிரேக் லைட் வளைவுகளில் மட்டும்தான் எரிந்தது.

ஊர் திரும்பும்போது காற்று முதுகில். நெகமம் தாண்டி ஒவ்வொரு காற்றாலையாக எங்களைப் பார்த்தபடி எதிரே வந்து பின்னால் போயிற்று. தேங்காய் மூட்டை டிக்கியில், குழந்தைகளின் சாமான் காலடியில். வெள்ளகோவிலில் வழக்கமான பங்க்கில் ஃபுல் என்றேன். நாசில் டக்கென்று நின்றதும் பையன் குனிந்து மறுபடியும் அழுத்திப் பார்த்தான்.

“என்னங்கண்ணா, அதுக்குள்ள கட் ஆயிருச்சு. தூரமா எங்கயும் போகலையாட்டம் இருக்குதுங்க.”

22.3.