கதிரியக்க அயோடினுக்கு முன் உப்பைக் கவனியுங்கள்

தைராய்டு புற்றுநோய் அறுவைக்குப் பின் அயோடின் 131 என்ற கதிரியக்க அயோடினை மருந்தாகக் கொடுக்கும்போது, மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அயோடினுக்குப் பசித்திருக்க வேண்டும். சாதாரண அயோடின் உடலில் நிறைந்திருந்தால் மருந்து அங்கே சேராது. அதனால்தான் 1 முதல் 2 வாரம், நாளுக்கு 50 மைக்ரோகிராம் அயோடினுக்குள் பத்தியம்.

நம் சமையலில் பெரிய சிக்கல் அயோடின் உப்பு. குழம்பில் அயோடின் சேர்க்காத உப்புக்கு மாற்றிவிடுவோம், ஊறுகாய், அப்பளம், ஓட்டல் சாம்பாரை மறந்துவிடுவோம். பால், தயிர், முட்டை மஞ்சள்கரு, கடல்மீன், கருவாடு கூடாது. சோறு, பருப்பு, காய்கறி தாராளமாகச் சாப்பிடலாம்.

தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை 3–4 வாரம் நிறுத்தச் சொன்னால், அது தைராய்டு செல்களை அயோடினை இழுக்கத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் 30க்கு மேல் ஏறுவதற்காக. அப்போது வரும் அசதியும் மலச்சிக்கலும் எதிர்பார்த்ததே. வீட்டார் பொறுத்துத் துணையிருங்கள்.

அண்மையில் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் அயோடின் கலந்த மருந்து) போட்டு சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த அயோடின் வெளியேற 1–2 மாதம் பிடிக்கலாம்.