காற்றுக்குச் சாட்சி கேட்டவர்

பருத்தித்துறையில் நம் கல்லூரியின் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில், வலது மேல் மூலையில் எப்போதும் ஒரு சிறிய கட்டம் இருக்கும். திகதி, வரவு, அதற்குக் கீழே 'காற்று'. அதை நிரப்புவது மொனிற்றரின் வேலை. தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல் என்ற நாலில் ஒன்றை வெண்கட்டியால் கிறுக்கிவிட்டுப் போய் இருந்துவிட முடியாது. புவியியல் சேர் உள்ளே வந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பார்.

"வாடை எண்டு எழுதியிருக்கிறாய். சாட்சி என்ன?"

சாட்சி இல்லாவிட்டால் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். பக்கத்து வகுப்புக்காரர் அதைத் தண்டனை என்று நினைத்தார்கள். எங்களுக்கு அது பத்து நிமிட விடுதலை. பனையோலை எந்தப் பக்கம் சரிகிறது, தேநீர்க்கடைப் புகை எங்கே போகிறது, கொடிக்கம்பத்துக் கயிறு எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஆற அமரப் பார்த்துவிட்டு வருவோம். எனக்குப் பிடித்த சாட்சி யன்னல்தான். சோளக காலத்தில் தெற்குப் பக்கத்து மேசைகளில் விரலால் பெயர் எழுதுமளவுக்குப் புழுதி படிந்திருக்கும். வாடை விழுந்துவிட்டால் கடற்பக்க யன்னல் கம்பிகளில் ஒரு பிசுபிசுப்பு. நாக்கு நுனியை வைத்தால் உப்புக் கரிக்கும். ஒரு நாள் இதை நான் சாட்சியாகச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. தானே போய்க் கம்பியில் விரல் வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, செல்லும்" என்றார்.

80களின் முற்பகுதி அது. பருத்தித்துறை இலங்கையின் வட முனை. வடக்கேயிருந்து வரும் காற்றுக்கும் நம் வகுப்பறைக்கும் நடுவே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் இந்த விளையாட்டை நடத்த அதைவிடத் தோதான இடமும் இல்லை.

ஆவணியும் புரட்டாதியும் எனக்கு மணமாகத்தான் நினைவில் நிற்கின்றன. விடியப்புறம் வளவுக்குள் பனம்பழம் தொப்பென்று விழும் சத்தம் கேட்கும். படுத்தபடியே எந்த மரம் என்று கணக்குப் போட்டு, பக்கத்து வீட்டுப் பெடியன் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைவதற்கு முன் ஓடவேண்டும். சுட்ட பனம்பழத்தைச் சூப்பிவிட்டு வந்தால் கை எத்தனை தரம் கழுவினாலும் அன்று முழுக்க மணக்கும். பல்லிடுக்கில் தும்பு, வெள்ளைச் சேட்டில் மஞ்சள் கறை. பாதி வகுப்பு இந்தக் கோலத்தில்தான் இருக்கும். தோலையும் தும்பையும் நீக்கிய கொட்டைகளை அம்மா கொல்லையில் குவித்து வைத்து, மழைக்கு முன் பாத்தி போடுவா. தை, மாசியில் கிழங்கு.

புரட்டாதியில் வல்லிபுரக் கோயில் திருவிழா. கடல் தீர்த்தத்தன்று வகுப்பில் ஆட்கள் குறைவு. ஆழ்வார் என்று நாங்கள் சொல்லும் விஷ்ணுவோடு சனம் மணல் திட்டியைக் கடந்து கடலுக்கு நடக்கும். நாங்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சான் கடலை கொறித்தபடி பின்னால் போவோம். அந்த நாட்களில் சோளகம் ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் விழுந்திராது. காற்றே இல்லாத புழுக்கம். மறுநாள் மொனிற்றர் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் முழிப்பான். 'இல்லை' என்று எழுதவும் சாட்சி வேண்டும் என்று சேர் சொல்லியிருந்தார்.

அப்புறம் ஓர் இரவில் எல்லாம் மாறும். காலையில் கடல் இரையும் சத்தம் ஓடக்கரை வரை கேட்கும். வள்ளங்களை மேலே இழுத்துவிட்டிருப்பார்கள். கரணவாய்ப் பக்கத்து வயல்களில் புழுதி விதைப்பு முடித்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நம் பக்கத்துக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள்தான் கொட்டுகிறது. அது பிந்தினால் கிணறு, வயல், தோட்டம் எல்லாம் பிந்தும். முதல் மழைக்கு மறுநாள் மைதானத்து மணலில் தம்பளப்பூச்சி. சிவப்பு வெல்வெட்டு உடம்பு, தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். நெருப்புப்பெட்டிக்குள் புல்லோடு போட்டு வகுப்புக்குக் கொண்டுவருவோம். இரண்டாம் பாடவேளைக்குள் அது யாருடைய சட்டைக்குள்ளாவது போய்விடும். மழை பலத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியில் உள்ள வல்லைவெளி நிரம்பும், அந்தப் பக்கத்து பஸ் வராது, அந்தப் பக்கத்து ஆசிரியர்களும் வரமாட்டார்கள். மாரியை நாங்கள் வரவேற்றதற்கு இது முக்கியமான காரணம்.

வாடை பற்றிச் சேர் ஒன்றை அடிக்கடி சொல்வார்: அடித்துக்கொண்டிருக்கும் வாடைக்குப் பயப்படாதே, திடீரென்று நின்றால் பயப்படு. 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையைக் கடந்துதான் அங்கே போனது. அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் சாட்சி கேட்கமாட்டார். தானே சாட்சி.

1987 வைகாசியில் வடமராட்சியில் நடந்த படை நடவடிக்கைக்குப் பிறகு எங்கள் வகுப்பு எப்படிச் சிதறியது என்பதை இந்தப் பழைய மாணவர் மலரில் பலர் எழுதுவார்கள். நான் காற்றோடு நிற்கிறேன்.

நான் இப்போது இருப்பது போர்ட் ஹோப். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர், ஒன்ராறியோ ஏரிக்கரையில் சின்ன நகரம். பழைய செங்கல் கடைகள் வரிசையாக நிற்கும் வோல்ட்டன் வீதி, நடுவே பாயும் கனரஸ்கா ஆறு, கடைக்கு வருபவர்களில் பாதிப் பேரின் பெயர் தெரியும் அளவுக்குச் சனம். இங்கே ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஸ்காபரோவிலிருந்து வரும் நண்பர்கள், "உங்க தனிய எப்பிடி மச்சான் இருக்கிறாய்?" என்று கேட்பார்கள். பருத்தித்துறையில் இருந்தவனுக்கு இது பழகின அளவுதான்.

இலை நிறம் மாறுவதைப் பார்க்க நம்மவர்கள் ஒரு சனிக்கிழமை அல்கொங்குயின் பூங்காவுக்கு மூன்று வான் பிடித்துப் போய், புரியாணிப் பார்சலைப் பிரித்து, மேப்பிள் மரத்தடியில் படம் எடுத்துவிட்டு வருவார்கள். நானும் போயிருக்கிறேன், அழகுதான். ஆனால் கடைக் கல்லாவில் இருப்பவனுக்கு அந்தப் பருவம் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். ஆவணி கழியும்போது ஐஸ் மூட்டை விற்பது குறைந்து விறகுக் கட்டு விற்கத் தொடங்கும். காலை 6 மணிக்குக் கதவு திறக்குமுன் நீள றப்பர்ச் சப்பாத்துப் போட்ட நாலு பேர் கோப்பிக்கு நிற்பார்கள். அப்படியென்றால் மீன் ஏறத் தொடங்கிவிட்டது. அடுத்து ஹலோவீன் இனிப்பு, இலை வாரிக் கட்டும் பழுப்புக் காகிதப் பை, அதன்பிறகு கார்க் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர். கடைசியாக, உறைபனிக்குத் தூவும் உப்பு மூட்டையை வாசலில் அடுக்கினால் முடிந்தது. தூண்டில்காரருக்காகப் பால் வைக்கும் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டியில் மண்புழுவும் வைத்திருக்கிறேன். அதை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, உதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?" என்று மட்டும் கேட்டா.

மீன் என்றால் சினூக் சமன். ஆவணிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை ஏரியிலிருந்து கனரஸ்காவுக்குள் ஏறும். ஊருக்குள்ளேயே கோர்பெட் அணை இருக்கிறது. மீன் ஏறிப்போக அதன் ஓரத்தில் படிப்படியாக வாய்க்கால் கட்டிவிட்டிருக்கிறார்கள். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நான் போய் நிற்பது அங்கேதான். கைக்கெட்டும் தூரத்தில், என் முழங்கை நீளத்தைவிடப் பெரிய மீன். வால் ஓரம் கிழிந்து, முதுகில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து, கீழ்த்தாடை வளைந்திருக்கும். ஒரு பாய்ச்சல் பாயும். கொங்கிறீற்றில் பட்டுத் திரும்ப விழும். கொஞ்சம் பின்வாங்கித் தண்ணீர் வரும் பக்கம் தலையை வைத்தபடி அசையாமல் நிற்கும். திரும்பவும் பாயும். பார்க்க வந்த சிறுவர்கள் ஒவ்வொரு தரமும் கத்துவார்கள். முட்டையிட்ட பிறகு எல்லாம் செத்துவிடும். ஐப்பசி நடுவில் ஆற்றங்கரையில் நடந்தால் மணம் நம் கருவாட்டு வாடியைப் போல இருக்கும்.

இந்த மீன் இந்த ஏரிக்குச் சொந்தமானது இல்லை. இங்கே முன்பிருந்த அத்திலாந்திக் சமன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனது. ஆறுகளில் ஆலை அணைகள், காடழிப்பு, அளவுக்கு மிஞ்சிய பிடி. சினூக் பின்னால் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம். இதை வைத்து யாராவது புலம்பெயர்வுக் கவிதை எழுதி மலருக்கு அனுப்பலாம். நான் அனுப்பமாட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர். எண்பதைத் தாண்டியவர், பிறந்ததிலிருந்து இதே ஊர். நம் சேர் இங்கே பிறந்திருந்தால் இவராகத்தான் இருந்திருப்பார் என்று நினைப்பேன். வானத்தில் வாத்துக் கூட்டம் அணி வகுத்துப் போவதைக் காட்டி, "குளிர் வந்துவிட்டது, பார்த்தீர்களா?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாத்தை நம்பாதே, பல வாத்துகள் ஏரிக்கரையிலேயே மாரி முழுவதும் கிடக்கும் என்றார். அவருடைய சாட்சி வேறு. தீனிக் கூட்டுக்குக் கீழே நிலத்தில் கொத்தும் ஜங்கோ என்ற சிறிய சாம்பல் குருவி. வடக்குக் காடுகளிலிருந்து அது ஐப்பசியில் இறங்கி வந்தால்தான் அவர் கணக்கில் பருவம் மாறியது. மரங்களில் முதலில் சிவக்கும் சுமாக்கைக் காட்டினார், பாதையோரப் புதர் அது, யாரும் படம் எடுப்பதில்லை. ஓக் மரம் இலை கொட்டி முடியும்வரை வாருகோலைத் தொடாதே, இல்லாவிட்டால் இரண்டு தரம் முதுகு முறியும் என்றும் சொன்னார். கேட்டு நடந்தேன், முதுகு தப்பியது.

கல்லூரியில் தாவரவியல் படித்தது இங்கேதான் கண்முன் நடக்கிறது. பச்சையம் சிதையும்போது இலைக்குள் ஏற்கனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை, அந்த நாட்களில் இலை புதிதாக உண்டாக்குவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேர்ந்தால் சிவப்புக் கூடும், மூட்டமாகவே போனால் குறையும். "இந்த வருடம் நிறம் எப்படி?" என்று கேட்கும் ரொறன்ரோக்காரருக்கு இதைச் சொன்னால் மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் எனக்கு இன்றும் விநோதமாக இருப்பது வேறொன்று. இங்கே மரம் மொட்டையாகும் அதே கிழமைகளில்தான் ஊரில் எல்லாம் தளிர்க்கிறது. கோடை முழுக்கக் குச்சியாக நின்ற கிளுவை வேலி மழை கண்டதும் பச்சையாகும். வேலியில் கார்த்திகைப் பூ ஏறும். நம் வேம்பு இலை கொட்டுவது மாசியில். ஒரே ஐப்பசி, இரண்டு ஊருக்கும் எதிரெதிர் வேலை. எங்கள் வகுப்பு வாட்சப் குழுவில் இது நன்றாகத் தெரியும். ஊரில் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவன், "மச்சான், ராத்திரி வாடை விழுந்திட்டுது" என்று போடுவான். உடனே நோர்வேயிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேர்னிலிருந்தும் ஒரே கேள்வி: "சாட்சி என்ன?" அவன் சளைக்காமல் கிளுவைத் தளிரைப் படம் பிடித்து அனுப்புவான். மெல்பேர்ன்காரன் தனக்கு இப்போது வசந்தம் என்று எழுதிக் குழப்புவான்.

வெளிச்சம்தான் எனக்குப் பழக நாளெடுத்தது. பருத்தித்துறை வட அகலாங்கு 10 பாகைக்குச் சற்றுக் கீழே. வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம். இந்த ஊர் 44 பாகை, வித்தியாசம் ஆறரை மணித்தியாலம் வரும். செப்டெம்பர் கடைசியில் நாளுக்கு மூன்று நிமிடப்படி வெளிச்சம் குறைகிறது. சேர் உருண்டையை விளக்குக்கு முன் சாய்த்துக் காட்டிப் படிப்பித்ததுதான். கடைப் பெயர்ப்பலகை விளக்கை நேற்றைவிட முந்திப் போடும்போது அது கணக்காக இல்லாமல் கையில் தட்டுப்படுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளினால் மாலை 5 மணிக்கே இருட்டு. ஊரோடு ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் பத்தரையாகும். நான் வழக்கமான நேரத்துக்கு எடுக்கும் கோல் அம்மாவுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போகும்.

"என்ன தம்பி, உங்கட நேரம் திரும்பவும் மாறிப்போச்சோ?"

"ஓம் அம்மா. அங்க மழை துவங்கிட்டுதோ?"

"அது துவங்கி ஒரு கிழமை. நீதான் பிந்தி."

சரி, பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வருடாவருடம் கோடை ஒன்றுகூடலை ஏதோ ஒரு பூங்காவில் அவியலாக அவிந்துகொண்டு வைக்கிறோம். ஒரு வருடம் செப்டெம்பர் கடைசியில், நன்றியறிதல் நாளுக்கு முன், போர்ட் ஹோப்பில் வையுங்கள். காலை கோப்பி என் கடையில், காசில்லை. மேற்சட்டை கொண்டுவாருங்கள், ஆற்றங்கரையில் குளிரும். தூண்டில் வேண்டாம், அணையை ஒட்டிய பகுதியில் மீன் பிடிக்கத் தடை. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கூட்டிவந்த நம்மவர்கள் அத்தனை பேரும் அணையில் நின்று கேட்ட முதற் கேள்வி அதுதான்: ஆறு ஏறி நைந்த மீன் குழம்புக்கு ஆகாது. சாட்சி வேண்டுமென்றால் என் மனைவியைக் கேளுங்கள்.