முழுப்பேர்

நவம்பர் 9

அப்பாவைச் சேர்த்தாச்சு. மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

நவம்பர் 10

டாக்டர் பழைய எக்கோ ரிப்போர்ட் கேட்டார். "லேப்டாப்பிலேயே இருக்கு சார்" என்று பெருமையாகத் திறந்தேன். பேரெல்லாம் வரிசையாக நிற்கிறது, எல்லாம் சிவப்பில். திறந்தால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி', அப்படி ஒரு ஃபைலே இல்லையாம்.

பெருமாள்புரத்துக்குக் குடிவந்த புதிதில், லேப்டாப்பில் இடமில்லை என்று, ஃபைலை நகலெடுக்கும் சிபி கட்டளை போட வேண்டிய இடத்தில், அசல் இருக்கும் பாதையை மட்டும் குறித்துவைக்கும் சிம்லிங்க் போடுகிற எல்என் ஹைஃபன் எஸ் போட்டுத் தொலைத்திருக்கிறேன். அசல் அம்பை வீட்டு பீரோவில், ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது. டிஸ்க் செருகியிருந்த நாளெல்லாம் ஒழுங்காகத் திறந்ததால் சந்தேகமே வரவில்லை.

ஃபைல் விவரம் காட்டும் எல்எஸ் ஹைஃபன் எல் போட்டேன். ரிப்போர்ட்டின் அளவு 43 பைட். சிம்லிங்கின் அளவு என்பது அதற்குள் எழுதியிருக்கும் பாதையின் நீளம், அவ்வளவுதான். இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தது ஒரு விலாசத்தை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் காயவைத்து ஸ்கேன் பண்ணிய அதே ஆள்தான் இந்த வேலையும் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 11

மழை. குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குள் தண்ணீர் என்கிறார்கள். சித்தப்பா வரவில்லை.

நவம்பர் 12

43 பைட்.

நர்ஸ் சீட்டைப் பார்த்து முழுப்பேரை இரண்டு தடவை கூப்பிட்டார். அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் "ராசு அண்ணாச்சி" என்றதும் "என்னடே" என்று திரும்பினார்.

ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேர் வைக்கும் ஹார்டு லிங்க் இப்படித்தான். பேர் இரண்டு, டிஸ்க் அந்த ஃபைலுக்கு வைத்திருக்கும் ஐநோடு எண் ஒன்று. எது அசல், எது லிங்க் என்ற பேச்சே கிடையாது. எல்எஸ் ஹைஃபன் எல் போட்டால் அனுமதிகளுக்கு அடுத்து, பேர்களின் எண்ணிக்கை 2 என்று காட்டும். ஒரு பேரை அழித்தால் 1 ஆகும், உள்ளே இருப்பது போகாது. 0 ஆனால்தான்.

அதை இன்று யோசிக்க வேண்டாம்.

நவம்பர் 13

டிஸ்கை வேட்டியில் சுற்றி மஞ்சள் பையில் கொண்டுவந்தார் சித்தப்பா. "ஏல, இதுக்குள்ளயா அண்ணன் சீட்டெல்லாம் இருக்கு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதலில் ஹார்டு லிங்க்தான் போட்டேன். 'இன்வாலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க்' என்றது. ஒரு டிஸ்கின் ஐநோடு எண் இன்னொன்றில் செல்லாது. அம்பை வீட்டுக் கதவிலக்கத்தைப் பெருமாள்புரத்தில் தேடுகிற மாதிரி. தெரிந்தேதான் போட்டேன். இடத்தை மிச்சம் பிடிக்கிற புத்தி இன்னும் போகவில்லை.

சரி, சிபி. அதுவும் 'ஆர் தி சேம் ஃபைல்' என்று மறுத்தது. டிஸ்கைச் செருகியதும் சிவப்பெல்லாம் உயிர் பெற்றிருந்ததால், லிங்க் வழியாகப் போய் அசல் மேலேயே அசலை எழுதப் பார்த்திருக்கிறேன். லிங்கை ஆர்எம் பண்ணிவிட்டுத்தான் சிபி போட வேண்டும். லிங்கைத்தான் அழிக்கிறோம், அசலுக்கு ஒன்றும் ஆகாது. தெரியும். ஆனாலும் எக்கோ என்ற பேரைத் தட்டிவிட்டு என்டர் அழுத்தக் கை வரவில்லை. சித்தப்பாவைக் காபி வாங்க அனுப்பிவிட்டு அழுத்தினேன்.

அப்புறம் அளவைப் பார்த்தேன். 4 எம்பி. டிஸ்கைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். திறந்தது. மறுபடி மூடித் திறந்தேன்.

நவம்பர் 14

டாக்டர் எக்கோவைப் பார்த்தார். "ம்" என்றார்.

நவம்பர் 15

காலை ஐந்தரை. பென்டிரைவுக்கும் ஒரு காப்பி போட்டிருக்கிறேன். எவ்வளவு முடிந்தது என்று சிபி வாய் திறக்காது, கர்சர் மட்டும் மினுக்குகிறது. வராண்டாவில் அப்பாவின் முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.