எழுபத்தொரு வயதில் முதல் ஓட்டு

'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரைச் சட்டையிலிருந்து உரித்து மகள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார் பக்கத்து வீட்டு அம்மா. ஒரு முனை மட்டும் ஒட்டவில்லை. நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார்.

வயது 71. அமெரிக்க அதிபர் தேர்தலில் இன்றுதான் முதல் ஓட்டு.

பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகள் அவர். ஆனால் பிறந்த ஊர் போர்ட்டோ ரிக்கோவின் போன்ஸே. அமெரிக்காவின் ஆளுகையில் இருந்தும் மாநிலமாக இல்லாத கரீபியன் தீவு அது. அந்தத் தீவினருக்கு 1917-லேயே குடியுரிமை வந்துவிட்டது. அங்கே இருக்கும்வரை அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அவருடைய அண்ணன் வியட்நாம் போருக்குப் போனவர். அவருக்கும் கிடையாது.

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவுக்குக் குடிவந்ததும் அம்மாவுக்கு ஓட்டு வந்துவிட்டது. திரும்பிப் போனால் போய்விடும்.

ஆள் அதே ஆள்தானே?

ஆரஞ்சுப் பழத்தில் தொடங்கிய வழக்கு ஒன்று உண்டு. தீவிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுக்குச் சுங்க வரி போட்டார்கள். சொந்த நாட்டுச் சரக்குக்கு எதற்கு வரி என்று வியாபாரி கோர்ட்டுக்குப் போனார். 1901-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்னது: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல.

நூற்றாண்டு கடந்தும் இந்தப் பாகுபாடு தீரவில்லை. ஏழை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான ஓர் உதவித்தொகையைத் தீவில் வசிப்பவர்களுக்குத் தர வேண்டியதில்லை என்று 2022-ல் 8-1 என்று தீர்ப்பு வந்தது. படிக்கும்போது வயிறு எரிந்தது எனக்கு.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறாராம். அங்கேயே இருந்துவிடத்தான் ஆசை என்றார், ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே.