இரத்த வாந்தி கேஸ்: எண்களைப் படிக்க நான் கற்றுக்கொண்ட விதம்

எம்.டி. பொது மருத்துவத் தேர்வில் எனக்கு வந்த லாங் கேஸ் (நோயாளியை முழுமையாகப் பரிசோதித்து விளக்க வேண்டிய தேர்வு) சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். உணவுக்குழாய் வேரிசிஸ் (வீங்கிய இரத்த நாளங்கள்) வெடித்து இரத்த வாந்தி எடுத்து, அவற்றை ரப்பர் வளையத்தால் கட்டும் பேண்டிங் போடப்பட்டவர். என் தீசிஸும் அதுதான்: இப்படி வருபவர்களில் யார் ஆறு வாரம் தாண்டுவார்கள் என்று முதல் நாள் இரத்தப் பரிசோதனையை வைத்தே சொல்ல முடியுமா? அதனால் தெம்பாக உட்கார்ந்தேன். எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வி: "ஐஎன்ஆர் 1.8. பிளாஸ்மா ஏற்றுவீர்களா?" ஐஎன்ஆர் என்பது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண், இயல்பில் 1-க்கு அருகில் இருக்கும். ஏற்றுவேன் சார் என்றேன். தவறான பதில்.

சிரோசிஸில் இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் குறைவது போலவே, உறைதலைத் தடுக்கும் புரதங்களும் குறைகின்றன. ஐஎன்ஆர் முதல் பக்கத்தை மட்டும்தான் அளக்கிறது. இரத்தம் கொட்டுவதற்குக் காரணம் போர்ட்டல் நாளத்தில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாளம்) ஏறிய அழுத்தம். பிளாஸ்மா ஏற்றினால் கன அளவு கூடி அந்த அழுத்தம் இன்னும் ஏறும். போர்ட்டல் அழுத்தம் பற்றிய நிபுணர்களின் பவேனோ 7 மாநாடு 2021-ல் கூடியது, அதுவும் வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் அதே ஐஎன்ஆர், கல்லீரலில் எவ்வளவு சக்தி மிச்சம் என்பதற்கு நல்ல சாட்சி. ஒவ்வொரு எண்ணும் எதை அளக்கிறது என்று முதலில் கேளுங்கள், சூத்திரம் அப்புறம். நான் தலைகீழாகப் படித்திருந்தேன்.

கல்லீரல் நோயின் தீவிரத்தை எண்ணாக்கும் சைல்ட்-ப்யூ, மெல்ட் ஆகிய ஸ்கோர்களின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் மனதில் நிற்கும். 1973-ல் ப்யூ குழுவினர் சைல்ட் வகைப்பாட்டைத் திருத்தியதே, வேரிசிஸ் இரத்தப்போக்குக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்களை ஆராய்ந்தபோதுதான். பிலிருபின், ஐஎன்ஆர், கிரியேட்டினின் மூன்றையும் சேர்க்கும் மெல்ட், 2000-ல் மேயோ கிளினிக்கில் டிப்ஸ் (போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கக் கல்லீரலுக்குள் வைக்கும் குழாய்) வைத்த நோயாளிகளுக்காக வந்தது. உறுப்பு மாற்றுக்கு அது போனது பிறகு.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். பிலிருபின் (மஞ்சள் காமாலையின் நிறமி) 3, அல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்) 2.6, ஐஎன்ஆர் 1.8, வயிற்றில் லேசான நீர், மனத்தெளிவு உண்டு. சைல்ட்-ப்யூ 2+3+2+2+1 = 10, அதாவது ஏ, பி, சி மூன்றில் மிகத் தீவிரமான சி வகுப்பு. 10 முதல் 13 வரை இருந்தால் 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் பற்றி யோசிக்க வேண்டும். இவருக்கே கிரியேட்டினின் 1.0 என்றால் மெல்ட் 17. அது 1.6 ஆக இருந்தால்? 22. வேறு எதுவும் மாறவில்லை! சேரும்போது மெல்ட் 19-ஐத் தொட்டாலே ஆறு வாரத்தில் ஐந்தில் ஒருவரையாவது இழக்கிறோம் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. மேற்கையையும் பாருங்கள், கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. சதை வற்றியவருக்குக் கிரியேட்டினின் 1.0 என்பதைச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

தீசிஸ் செய்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் சேகரித்த முதல் சில கேஸ்களில் மாதிரி எடுத்த நேரத்தைக் குறிக்கவில்லை. பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டினால், ஒருவருக்கு பிளாஸ்மா ஓடி முடிந்த பின் எடுத்த ஐஎன்ஆர், இன்னொருவருக்கு அல்புமின் பாட்டில் இறங்கிய பின் பார்த்த அல்புமின். அவற்றை ஒதுக்க வேண்டியதாயிற்று. மனசு வலித்தது. அதன் பிறகு கேஷுவல்டியில் ஊசி குத்தி லைன் போடும்போதே குழாயில் இரத்தம் எடுத்து, லேபிளில் மணியையும் எழுதினேன்.

தட்டணுக்கள் பற்றிக் கேட்டால், வேரிசிஸ் இருக்குமா என்று ஊகிக்கவே அவை அதிகம் உதவும் என்று சொல்லுங்கள். லாக்டேட், சிஆர்பி என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் ஷாக்கையும் (உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் போதாத நிலை) தொற்றையும் காட்டும். பயன் உண்டு, ஆனால் மெல்டைப் புரிந்துகொண்ட பிறகு படித்தால் போதும்.

கடைசிக் கேள்வி ஹீமோகுளோபின். "7.4 இருக்கிறது, இரத்தம் ஏற்றலாமா?" நிலையாக இருந்தால் இப்போது வேண்டாம் சார், 7-க்குக் கீழே போனால் ஏற்றி 7-க்கும் 8-க்கும் இடையில் நிறுத்துவேன் என்றேன். காரணம் கேட்டார். 2013-ல் வந்த பார்சிலோனா ஆய்வைச் சொன்னேன்: அதிகமாக ஏற்றிய குழுவில் போர்ட்டல் அழுத்தம் ஏறியது, ஆறு வாரத்தில் பிழைத்தவர்களும் குறைவு. தலையாட்டிவிட்டு அடுத்த கேஸுக்குப் போகச் சொன்னார்.